வாய்க்கு அருகில்

“பக்கத்துல யாரு?” என்று ஹாமித் கேட்டபோது, குழாயில் தண்ணீர் வராத கதையை நர்கீஸ் பாதிவரைதான் சொல்லியிருந்தாள்.

“யாருமில்லையே. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

“இல்ல, யாரோ பேசுன மாதிரி கேட்டுச்சு.”

“துப்பட்டா மைக்குல ஒரசியிருக்கும்.”

துப்பட்டா கட்டிலில் கிடந்தது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

ஹாமித் அரபு நாட்டில், தம்மாமில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தான். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அங்கே அவனுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இங்கே பேகம்பூரில் அப்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். போனில் பேசினால் லைன் அறுந்து அறுந்து போவதால் லேப்டாப்பில் நெட் வழியாகத்தான் பேச்சு. அதற்காகத்தான் இந்தத் தனி வீடே. மாமியார் காதர் பீவியின் வீட்டில், கொழுந்தன் குடும்பங்களுக்கு நடுவே, புருஷனிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியாமல் தவித்து, சண்டை போட்டு, அழுது, கடைசியில் இந்த மாடிக்கு வந்திருந்தாள். கீழே தோல் குடோன். சரக்கு வரும்போது மட்டும் திறப்பார்கள். மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும். உப்பும் ஈரத்தோலும் கலந்த வாடை மட்டும் படியேறி வந்து திரைச்சீலையிலும் தலையணையிலும் தங்கிக்கொள்ளும்.

மறுநாளும் ஹாமித் அதையே சொன்னான். “இரைச்சல் தாங்கல. நல்ல ஹெட்செட்டா ஒண்ணு வாங்கேன்.”

பஸ் ஸ்டாண்ட் பக்கம் முருகேசனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். காதை முழுக்க மூடுகிற மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு கம்பி வளைந்து வாய் ஓரத்துக்கு வந்தது. அதன் நுனியில் கறுப்பு ஸ்பாஞ்சு. கடையிலேயே அவளைப் பேசவைத்து, பதிவுசெய்து, போட்டுக் காட்டினார். அவள் குரலும் ஒரு பஸ் ஹாரனும் டீக்கடைக் கிளாஸ் சத்தமும் கேட்டன. வேறொன்றும் இல்லை.

“கண்ணாடி மாதிரி இருக்குல்லம்மா?”

இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிப் பேசினாள்.

“இப்ப நல்லாக் கேக்குது,” என்றான் ஹாமித். “நீ சொல்றதையே ஒருத்தி பின்னாடி சொல்றா.”

“ஒருத்தியா?”

“பொம்பளக் குரல்தான். வெளையாடாத நர்கீஸ். நம்ம பேசுறத யாரை உக்காத்திவச்சுக் கேக்க விடுற?”

அவள் ஹெட்செட்டைக் கழற்றி, அதே பெட்டியில் போட்டு, மறுநாள் முருகேசன் முன்னால் வைத்தாள். வேறு ஒன்று வாங்கினாள். அதையும் திருப்பிக்கொண்டு போனாள். முருகேசனுக்கு அலுத்துவிட்டது.

“இதுல என்னம்மா கொற? மைக்கும் காது மாதிரிதான். அங்க இருக்குற சத்தத்தத்தான் கேக்கும். வீட்டுல டிவி ஓடுதா, பேன் ஓடுதா, பாருங்க.”

“ஒண்ணும் ஓடலண்ணே.”

“அப்ப உங்க நெட்டப் பாருங்க,” என்று ஹெட்செட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

நெட்காரன் வந்து பார்த்துவிட்டு, லைன் சரியாகத்தான் இருக்கிறது, ஹெட்செட்டை மாற்றுங்கள் என்றான். அவளுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. அன்று பேசுவதற்கு முன் பேனை நிறுத்தினாள். பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டாள், பால் திரிந்துபோனது. ஜன்னலை அடைத்துச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டாள். தோல் வாடை அறைக்குள் கெட்டியாக நின்றது. முதுகில் வேர்வை ஓட, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நர்கீஸ்,” என்றான் ஹாமித் மெதுவாக. “நான் அம்மாகிட்டப் பேசிட்டேன். நீ அங்கயே போயிரு.”

“மைக்குதாங்க கோளாறு. ஒரே ஒரு வாட்டி மாத்திப் பாக்குறேன். அதுவரைக்கும் பொறுங்க.”

மறுநாள் மத்தியானம், வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஹெட்செட்டை மாட்டித் தன் குரலைத் தானே பதிவுசெய்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினாள். பிறகு போட்டுக் கேட்டாள்.

ஒண்ணு. ரெண்டு. அவள் குரல். அதற்குச் சற்றுப் பின்னால், தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னொரு குரல், மாணவி பாடம் சொல்வதுபோல் அவளைத் தொட்டுத் தொட்டு வந்தது. நாலு. அஞ்சு. ஆறு சொல்லும்போது இரண்டும் ஒன்றாகச் சொல்லின. எட்டை அது முதலில் சொன்னது. அவள் பின்னால் சொன்னாள்.

பத்தோடு அவள் நிறுத்தியிருந்தாள். அது நிச்சயம்.

“பதினொண்ணு,” என்றது பதிவு.

லேப்டாப்பை மூடினாள். இதைச் சொன்னால் சைத்தான் என்பார்கள். சாயங்காலமே ஆட்டோ வந்து நிற்கும். மறுபடி அந்த வீடு, அந்த அடுப்படி, கதவோரத்தில் காது வைக்கிற கொழுந்தன் பெண்டாட்டிகள். முடியாது. எழுந்து புர்காவை மாட்டிக்கொண்டு முருகேசன் கடைக்குப் போனாள்.

“இருக்குறதுலயே நல்லது எதுண்ணே?”

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். “இதுக்கு மேல இல்லம்மா. சுத்துப்பட்டுச் சத்தம் அம்புட்டையும் வடிகட்டிரும். வாய்க்குக் கிட்டக்க இருக்குற பேச்ச மட்டுந்தான் எடுக்கும். ஆனா இதத் திருப்பி வாங்கமாட்டேன்.”

“கொண்டாரமாட்டேன்,” என்றாள்.

அன்று சாயங்காலம் அதை மாட்டியதுமே உலகம் அடங்கிப்போனது. தெரு ஆட்டோக்கள் இல்லை. பேன் சத்தம் இல்லை. தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை. மைக்கை இழுத்து உதட்டோரம் வைத்தாள். ஹாமித் லைனில் வந்தான்.

“என்னங்க, கேக்குதா?”

மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

“ஏங்க?”

“ஆங், இப்பத்தான் சுத்தமாக் கேக்குது,” என்றான் ஹாமித். அவன் குரல் மலர்ந்திருந்தது. “ஒரு இரைச்சல் இல்ல. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் சொன்னேன்ல, மைக்குதான்னு...”

“சாப்ட்டேன், சாப்ட்டேன். நீ?”

அவன் சாப்பிட்டானா என்று அவள் கேட்கவேயில்லை.

“அப்படியா,” என்றான். சிரித்தான். “ம். ம். நானும் அதத்தான் நெனச்சேன்.”

“யாருகிட்டப் பேசுறீங்க?”

“கோவமெல்லாம் இல்ல. நீ இப்படிப் பேசி எம்புட்டு நாளாச்சு.”

திரையில், மைக் எடுக்கும் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நர்கீஸ் வாயை இறுக மூடினாள். கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கோடு அசையவில்லை. அவள் கத்தி முடிக்கும்வரை யாரோ பொறுமையாகக் காத்திருந்ததுபோல் சற்று நின்று, பிறகு மறுபடி ஏறியது.

“சரி, லீவு கேக்குறேன்,” என்றான் ஹாமித். “அம்மாகிட்டச் சொல்லல. நேரா நம்ம வீட்டுக்கே வாரேன்.”

ஹெட்செட்டைப் பிய்த்து மேசைமேல் போட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தெருச் சத்தம் திரும்ப வந்தது. பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அறையில் இருட்டு ஏறியிருந்தது. மேசையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து ஹாமித்தின் சிரிப்பு பொடியாகக் கேட்டது.

லேப்டாப்பின் வெளிச்சத்தில் மைக்கின் நுனி தெரிந்தது. கறுப்பு ஸ்பாஞ்சு ஈரமாயிருந்தது. மெல்ல உள்ளே அமுங்கியது. மெல்ல உப்பியது.

அவள் கை நீட்டினாள். அதைப் பொத்தி உள்ளங்கைக்குள் இறுக்கினாள்.

சூடான மூச்சு.

“இரு, இரு, வைக்காத,” என்றான் ஹாமித் ஆசையோடு. “இன்னும் சொல்லு.”

மூடிய கைக்குள், அவள் உள்ளங்கையின்மேல், இரண்டு உதடுகள் அசைந்தன.