நீளப் பெட்டியின் சூடு

பத்தொன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் மின்சாரம் இல்லை. பஸ்ராவின் ஆகஸ்ட் மாதத்தில், இறைச்சி கெடவும் தக்காளி நுரைக்கவும் அதுவே அதிகம். மதியம் ஒன்று பத்துக்குக் கூடத்து விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியதும் சுஹாத் நேராகச் சமையலறைக்குப் போய், குளிர்பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சின்ன வெப்பமானியைப் பார்த்தாள். அதன் ஒயர் மூடியின் ரப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே போகிறது. நேற்று மாலை மின்சாரம் போனபோது அது ஐந்து டிகிரி காட்டியது.

இப்போது மூன்று.

ஏறியிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பெட்டியானாலும் பதினைந்து டிகிரியாவது ஆகியிருக்க வேண்டும். பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரு ஜெனரேட்டரும் நேற்றே படுத்துவிட்டது, ஆகவே அந்த லைனும் இல்லை. யாரோ மூடியைத் திறந்து ஐஸ் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். வீட்டில் இருந்தது மூன்றே பேர். அவள், எட்டு வயது மகள் தீமா, கணவனின் அக்கா சபரிய்யா. கணவன் முவய்யத்துக்குத் துறைமுகத்தில் வேலை, வியாழக்கிழமைதான் வருவான்.

அது ஃபிரிட்ஜ் இல்லை, ஃப்ரீசர். மாமனார் காலத்து நீளமான வெள்ளைப் பெட்டி, மூடி மேல்பக்கம் திறக்கும். இரண்டு வருடம் முன்பு ஃபிரிட்ஜ் போனதிலிருந்து குமிழைக் கடைசிவரை குறைத்து வைத்து இதையே ஃபிரிட்ஜாக ஓட்டுகிறார்கள். உள்ளே இடது மூலையில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் தீமாவின் மூன்று இன்சுலின் பேனாக்கள். மாமனாருக்கும் இதே சர்க்கரை வியாதி இருந்தது. அடுத்த மருந்து கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை அவை உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. கெட்டுப்போன மருந்து பார்க்க நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். குழந்தைக்குப் போட்ட பிறகுதான் தெரியும்.

பக்கத்து அறையில் ஜன்னல்களுக்கு நனைத்த சாக்கு தொங்கியது. அந்தப் பழுப்பு இருட்டில் சபரிய்யா பனையோலை விசிறியோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, பெட்டியத் திறந்தீங்களா?"

"எனக்கென்ன வேலை அங்க?"

"ஐஸ் ஏதும் வாங்கி வச்சீங்களா?"

"ஐஸ் கெடச்சா என் தலையில வச்சுக்கிட்டிருப்பேன், உன் பெட்டியில எதுக்கு வைக்கிறேன்?"

சுஹாத் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம். பல வருடமாக அந்தப் பெட்டியிலிருந்து சபரிய்யா ஒரு வெண்டைக்காய் எடுத்து அவள் பார்த்ததில்லை. குளிர்ந்த தண்ணீர்கூட மண்பானையில்தான் குடிப்பாள். முன்பெல்லாம் அது வீம்பு என்று நினைத்திருந்தாள். இன்று அது வேறு மாதிரி தெரிந்தது. தொடாதவள் என்று பெயர் வாங்கி வைத்திருப்பவள் தொட்டால் யார் சந்தேகப்படுவார்கள்?

திரும்பி வந்தபோது வெப்பமானி ஒன்பது காட்டியது.

மின்சாரம் வந்து ஆறு நிமிடம். இல்லாதபோது குளிர்ந்த பெட்டி, வந்த பிறகு சூடேறிக்கொண்டிருந்தது. சுஹாத் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிளக் இறுக்கமாக இருந்தது. வோல்டேஜ் காக்கும் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது, அதன் மூன்று நிமிடத் தாமதமும் முடிந்திருந்தது. குனிந்து பின்பக்கம் கையை வைத்தாள். கம்ப்ரஸர் ஓடுகிறது, லேசான அதிர்வு, சூடான எண்ணெய் வாசனை. எல்லாம் சரி. கடைசியாகப் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மூடிக்கும் ரப்பருக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்த்தாள். தாள் பிடிபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு இடம். அங்கேயும் அப்படியே. விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். ரப்பர் கிழியவில்லை, காயவில்லை. ஒரு முழ நீளத்துக்கு வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. உள்ளேயிருந்து தள்ளினால்தான் அப்படி மடங்கும்.

பதினேழு.

அபூ நஸீருக்குப் போன் போட்டாள். தெரு ஜெனரேட்டர் அவருடையது. ஏசி, ஃபிரிட்ஜ் வேலையும் பார்ப்பார், மாமனாருக்குப் பழைய சிநேகிதர்.

"திட்டுறதுன்னா வரிசையில நில்லு தாயி, இந்தத் தெருவே திட்டிக்கிட்டிருக்கு," என்றார். "ரேடியேட்டர் வெடிச்சிருச்சு. அதுக்கும் வயசாகுதில்ல."

"ஜெனரேட்டர் இல்ல மாமா. குளிர்பெட்டி. கம்ப்ரஸர் ஓடுது, ஆனா உள்ள சூடு ஏறுது."

"கேஸ் போயிருக்கும்."

"கேஸ் போனா இவ்வளவு வேகமா ஏறுமா? பத்து நிமிஷத்துல மூணுலருந்து இருபத்திரண்டு."

"உன் வெப்பமானி பொய் சொல்லுது. பெட்டிய விடு, அதத் தூக்கி எறி." சிரித்தார். பிறகு, "எந்தப் பெட்டி? புதுசா?"

"புதுசு எங்க மாமா. வெள்ளை நீளப் பெட்டிதான்."

போனில் பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதையா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றார் அபூ நஸீர்.

"ஏன்?"

"முவய்யத் வித்துட்டேன்னு சொன்னானே."

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்க. பிள்ளையோட மருந்து உள்ள இருக்கு."

"மருந்த எடுத்துட்டு மூடிரு. நான் வரல தாயி. சபரிய்யாகிட்டக் கேளு." போனை வைத்துவிட்டார்.

முப்பத்து மூன்று. முப்பத்தைந்து. சுஹாத் பார்த்துக்கொண்டே நின்றாள். சமையலறையில் அப்போது நாற்பத்து நான்கு டிகிரி இருந்திருக்கும், வெளிச் சூடு உள்ளே போகிறதென்றால் அது நாற்பத்து நான்கை நோக்கிப் போக வேண்டும். முப்பத்தேழுக்கு வந்தது. நின்றது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, ஒரு புள்ளிகூட நகரவில்லை. காய்ச்சல் இல்லாத குழந்தையின் அக்குளில் வைத்து எடுத்தால் வரும் எண்.

மூடியைத் திறந்தாள்.

குளிர் வரவில்லை. மூச்சு மாதிரி ஒரு வெதுவெதுப்பு முகத்தில் பட்டது, அதில் பேரீச்சம்பாகின் இனிப்பு வாசனை. வெண்டைக்காய்ப் பை, தக்காளி, தயிர்ச்சட்டி, நேற்று வைத்த மீன், எல்லாம் நான்கு சுவர்களோடும் ஒட்டி ஒதுங்கிக் கிடந்தன. சுவர்கள் வியர்த்திருந்தன. நடுவில் மட்டும் தரை காய்ந்திருந்தது. நீளமாக. ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

தீமாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க வைத்திருந்த பாகு பாட்டில் அங்கே படுத்திருந்தது. மூடி இல்லை. ஒரு சொட்டு இல்லை. கழுவி வைத்தது போல் கண்ணாடி பளபளத்தது. கழுவியது தண்ணீர் இல்லை.

டின் இடது மூலையில் இல்லை. வலது ஓரத்தில், ஆழத்தில் இருந்தது. சுஹாத் கையை விட்டாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். விரல் நுனி டின்னைத் தொட்டது.

டின் ஒரு சாண் தள்ளிப் போனது.

கையை உருவிக்கொண்டாள். மூடி தடாலென்று விழுந்தது.

"மதினி!" அடுத்த அறைக்கு அவள் போன வேகத்தில் வாசல் திரை அறுந்தது. "பாகு முழுசையும் யார் குடிச்சது? பிள்ளைக்கு வச்சது. டின்ன யார் நகர்த்தினது? உண்மையச் சொல்லுங்க."

சபரிய்யாவின் விசிறி நின்றிருந்தது. "பாகா?" என்றாள். "பாகு குடிச்சிருக்கா?"

"நீங்க குடிக்கலையா?"

"அந்தப் பெட்டியத் தொட்டு எட்டு வருஷமாச்சு சுஹாத். வாப்பா மவுத்தானதுலருந்து."

எட்டு வருடம். மாமனார் இறந்தபோது சுஹாத் இங்கே இல்லை. தீமா பிறந்து நாற்பது நாள் முடியாமல் தாய்வீட்டில் இருந்தாள். புனித நகரான நஜஃபில் அடக்கம் செய்தாயிற்று என்று முவய்யத் போனில் சொன்னான். அந்த வாரம் சண்டையில் சாலை அடைத்திருந்ததே என்று அவள் கேட்டதற்கு, திறந்ததும் போனோம் என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அப்போது அவள் கையில் பச்சைப்பிள்ளை இருந்தது.

"சாலை எத்தனை நாள் அடைச்சிருந்துச்சு?"

சபரிய்யா சாக்குத் துணியைப் பார்த்தாள். "நாலு."

"நாலு நாளும் அவர் எங்க இருந்தார்?"

சபரிய்யாவின் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"இங்கேயே அடக்கியிருக்கலாமே மதினி. இந்த ஊர்ல மையவாடி இல்லையா?"

"நஜஃப் மண்ணுதான் வேணும்னு சொல்லியிருந்தார். மகன் வாக்குக் குடுத்திருந்தான். நல்லபடியா வச்சோம். வெள்ளைத் துணி சுத்தி, முகத்த மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் திருப்பி... குளிப்பாட்டுறதெல்லாம் அங்க போய்த்தானே. அதனால யாரும் துணிய வெலக்கிப் பார்க்கல."

"டாக்டர் பார்த்தாரா?"

"அந்த நாள்ல டாக்டருக்கு எங்க போறது?"

சமையலறையில் தட்டும் சத்தம் கேட்டது. டொக். டொக். இடைவெளி விட்டு, மறுபடியும். வோல்டேஜ் இறங்கும்போது பழைய கம்ப்ரஸர் இப்படித்தான் திணறும். சுஹாத் விசிறியைப் பார்த்தாள். அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

சபரிய்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"தீமா எங்க?" என்றாள் சுஹாத்.

கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஊசி நேரம். எட்டு வயதில் தன் டின்னைத் தானே எடுத்துவரப் பழகிய பிள்ளை.

ஓடினாள்.

மூடி திறந்திருந்தது. முக்காலி கவிழ்ந்து கிடந்தது. பெட்டியின் விளிம்பில் தீமா வயிறு அழுந்தத் தொங்கிக்கொண்டிருந்தாள். தலை உள்ளே. தோள் உள்ளே. வெளியே பூப்போட்ட பாவாடையும் இரண்டு கால்களும். கால்கள் தரையில் இல்லை.

"தீமா!"

"உம்மா." குரல் ஆழத்திலிருந்து வந்தது. பயமில்லாத குரல். "டின்ன எடுத்துட்டேன். ஆனா விடமாட்டேங்கிறாங்க."

சுஹாத் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்தும் எதுவும் இழுக்கவில்லை. பிடித்திருந்தது. அவ்வளவுதான். எட்டிப் பார்த்தாள்.

காய்ந்த அந்த நடு இடத்திலிருந்து ஒரு கை வந்து குழந்தையின் பிடரியை அணைத்திருந்தது. வயசான கை. வெள்ளைத் துணியின் நைந்த முனை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பேத்தியின் தலையைத் தடவுவது போல் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. ஐந்து விரலிலும் நகம் இல்லை. வெட்டியது இல்லை. தேய்ந்தது. சதைவரை.

"விடுங்க," என்றாள் சுஹாத். "மாமா, விடுங்க. சின்னப் பிள்ளை."

கை விடவில்லை. பெட்டிக்குள் தட்டும் சத்தமும் நிற்கவில்லை. பாகு வாசனை. முப்பத்தேழு. தீமாவின் பாதம் அவள் கையில் துவண்டது.

பின்னால் தரையில் உராயும் சத்தம். சபரிய்யா வாசற்படியில் மண்டியிட்டிருந்தாள். சுஹாத்தைப் பார்க்கவில்லை. தீமாவையும் பார்க்கவில்லை. பெட்டியோடு பேசினாள்.

"நாலாம் நாள் திறந்தப்ப நீங்க நாங்க கிடத்தின மாதிரி இல்ல வாப்பா. முட்டி போட்டு, முதுகால மூடிய முட்டிக்கிட்டு இருந்தீங்க. முதல் ராத்திரியே தட்டுற சத்தம் கேட்டுச்சு. கம்ப்ரஸர்னு சொல்லி முவய்யத் மூடி மேல அரிசி மூட்டைய ஏத்தினான். எனக்குத் தெரியும் அது கம்ப்ரஸர் இல்லன்னு. தெரிஞ்சும் காதப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தேன்."

தட்டும் சத்தம் நின்றது.

"சர்க்கரை இறங்கித்தான் மயங்கிக் கிடந்தீங்க வாப்பா. ஒரு கரண்டி பாகு ஊத்தியிருந்தா எழுந்திருச்சிருப்பீங்க. நாங்க உங்கள உயிரோட உள்ள வச்சு மூடிட்டோம்."