இறங்குவதற்கு நான்கு கை

"அண்ணன் செத்துட்டாருன்னு நீதான சொன்ன? அப்போ பொணத்தக் காட்டு. நட."

லோகேஸ்வரி கத்தியை நீட்டி வழியைக் காட்டினாள். குணாளன் முன்னால் நடந்தான்.

சபா காட்டுக் குகை ஒன்றில் போர்க்காலத்து ஜப்பான்காரர்கள் ஒரு புதையல் பெட்டியை விட்டுப்போனதாக ஊரில் ஒரு பேச்சு. அதைத் தேடி லோகாவின் அண்ணன் அன்பரசுவும் அவன் கூட்டாளி குணாளனும் கிளம்பினார்கள். திரும்பி வந்தது குணாளன் மட்டும். பெரிய ஒராங்குட்டான் குரங்கு ஒன்று துரத்தியதாம், அன்பரசு பாறையிலிருந்து விழுந்துவிட்டானாம். பார்த்தாயா என்று கேட்டால், சத்தம் மட்டும் கேட்டதாம்! மீட்புக் குழுவினர் ஆற்றில் வெள்ளம் வடியட்டும் என்றார்கள். லோகாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

காட்டுக்கும் இவர்களைக் கண்டால் ஆகவில்லை. ஆறு முதல் வேலையாகப் படகைக் கவிழ்த்தது. படகை இழுத்துப் பிடித்துவிட்டார்கள், ஆனால் கயிறு வைத்திருந்த பை போனது போனதுதான். பிரம்பு முள் சட்டையைக் கிழித்தது. அட்டைகள் காதுமடல் வரை ஏறின.

"கயிறு இல்லாம அங்க போயி என்னா செய்ய? திரும்பிடலாம், லோகா."

"நீ ஓடுறதுல கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியும். நட."

மதியம் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். சுவர் போல நிமிர்ந்து நின்றது. அதன் தலையில் ஒரு காட்டு அத்தி உட்கார்ந்து, தன் வேர்களைப் பாறைமேல் பின்னித் தரைவரை இறக்கியிருந்தது. பாறையின் நடுவே குகை வாய். அதிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"லோகா..."

அன்பரசு உயிரோடு இருந்தான்! லோகா விம்மி அழுதாள். அழுதுகொண்டே திரும்பி, குணாளன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"அது தொரத்துனதுல வேரப் புடிச்சி ஏறிட்டேன், எறங்க முடியல," அன்பரசுவின் குரல் காய்ந்து கிடந்தது. "பாதியிலேயே கை மரத்துப் போவுது. தண்ணி தீந்து போச்சு. கண்ணெல்லாம் இருட்டுது."

மீட்புக் குழு வரும்வரை இவன் தாங்கமாட்டான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அதற்குள் மேலே கிளை முறியும் சத்தம். தடித்த கொம்பு ஒன்று அவர்கள் காலடியில் வந்து விழுந்தது. அன்று குணாளன் கேட்ட சத்தம் இதுதான். அத்தி மரத்தில் செந்நிற மயிரோடு, தட்டு போல் அகன்ற கன்னத்தோடு, அந்த ஒராங்குட்டான் உட்கார்ந்திருந்தது. இது என் மரம், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது போல இன்னொரு கிளையை ஒடித்து எறிந்தது. இருவரும் ஒரு பாறையின் பின்னால் பதுங்கினார்கள்.

பழம் தீர்ந்ததும் அது இறங்கத் தொடங்கியது. அண்ணனைச் சிறை வைத்த அந்த மிருகத்தை லோகா வெறுப்போடு முறைத்தாள். முறைத்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அது வேரைக் கட்டிப்பிடிக்கவே இல்லை. வயிறு பாறைப் பக்கம், கை தலைக்கு மேலே நேராக நீண்டிருக்க, முழங்கை மடங்காமல் சும்மா தொங்கியது. நான்கு விரலும் வேரில் கொக்கியாக மாட்டியிருந்தன. குட்டைக் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. காலை அகட்டி, பாதத்தால் கீழ் வேரை இறுகப் பற்றிக்கொண்ட பிறகுதான் மேல் கையை விட்டது. மூன்று பிடி இருக்கும்போது ஒன்றை மட்டும் நகர்த்தியது. தரைக்கு வந்ததும் இவர்கள் பக்கம் பல்லைக் காட்டிவிட்டுப் புதருக்குள் போனது.

"பாத்தியா? அண்ணன் முழங்கைய மடக்கித் தொங்கியிருப்பாரு, அதான் கை மரத்துப் போவுது."

"கை சரி, லோகா. அதுக்குக் காலும் கையாச்சே. அன்பு காலால எப்படிப் புடிப்பான்?"

"ஒனக்குக் கை இருக்கில்ல?"

குணாளன் அவளைப் பார்த்தான், பிறகு பாறையைப் பார்த்தான். கீழே இருப்பவன்மேல் அன்பரசு விழுந்தால் இருவருமே போய்விடுவார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான்.

அன்பரசு தேடி வந்த பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குகை வாயில் வந்து நின்றான்.

"அந்தக் கொரங்கு கையில பெட்டி இருந்துச்சாண்ணே? வச்சிட்டு வாங்க," என்று லோகா கீழிருந்து கத்தினாள். அன்பரசு அதை மனசே இல்லாமல் உள்ளே தள்ளினான்.

"கைய நீட்டித் தொங்குங்க. மடக்காதீங்க. இப்ப வலது கால்."

அன்பரசுவின் பாதத்தைக் குணாளன் ஒரு கையால் வாங்கி, வேரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். பிறகு இடது பாதம். வேரின் சிராய் அவன் உள்ளங்கையை உரித்தது. பாதித் தூரம் வந்தபோது புதர் அதிர்ந்தது. ஒராங்குட்டான் திரும்பிவிட்டது! பக்கத்து மரத்தில் ஏறி, பட்ட கிளை ஒன்றை முறித்து வீசியது. கிளை குணாளனின் தோளில் இறங்கியது. அவன் அலறினான். பிடித்த பாதத்தை மட்டும் விடவில்லை.

"குணா, கைய எடுத்துடாதடா," என்றான் அன்பரசு.

"ஒருவாட்டி விட்டுட்டு ஓடினது போதும். நீ எறங்கு."

அன்பரசு தரையைத் தொட்டதும் கால் மடிந்து விழுந்தான். இருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னால் கிளைகள் மழையாக விழுந்தன. ஆறு வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதையல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதை எடுக்கப் போகிறவர்கள், இறங்கும்போது கை காலியாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

படகில் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு லோகா தன் துப்பட்டாவைக் கிழித்தாள். குணாளன் தோல் உரிந்த கைகளை மடியில் மறைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத," என்றாள் அவள். "கைய நீட்டு."