ஒன்பதாவது தலையணை

மதியம் கதவைத் தட்டியவள் தையல்காரி. கையில் பிரிந்த தலையணை உறை. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, காலையில போலீஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தலையணை நாற்பது அடுக்கியிருந்தேன். நேரா ஒன்பதாவதை உருவினாங்க. உள்ள வச்சுத் தச்ச நோட்டீஸ் அத்தனையும் போச்சு. யாரோ காட்டிக் கொடுத்துட்டாங்க."

அந்த வீட்டின் சின்னவள் தன் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இயக்கத்துப் பெண்களுக்குப் புரியாத எதுவும் அவளிடம்தான் வந்து நிற்கும். வெள்ளைக்காரனை எதிர்த்து அந்த நோட்டீஸை எழுதிய டீச்சர் இப்போது உள்ளறையில் ஒளிந்திருந்தாள். பிடிபட்டால் தூக்கு. அவள் இங்கே இருப்பது அண்ணிக்கும் சின்னவளுக்கும் மட்டுமே தெரியும்.

"எந்தத் தலையணைன்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

"எனக்கும், ஆஸ்பத்திரியில அதை வாங்கிக்கிற நர்ஸுக்கும்தான். அவ வேலைதான் அக்கா, வேற யாரு? டீச்சரை உடனே இடம் மாத்தணும். எங்க இருக்காங்க?"

"அவங்க..." என்று சின்னவள் வாயெடுத்தாள். அண்ணி அவள் காலை மிதித்தாள்.

"உறையைப் பிரிச்சது போலீஸா?"

"என் கண்ணு முன்னாடி. கத்தியால ஒரே இழுப்பு."

அண்ணி உறையைச் சன்னலோரம் விரித்துப் பிடித்தாள். துணியில் கீறலே இல்லை. ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒரு வெட்டாக நூல் மட்டும் நறுக்கப்பட்டிருந்தது. மறுபக்க நூல் முழுசாக உருவப்பட்டிருந்தது.

"கத்தி பட்டா துணி கிழியும். இது தையல் பழகின கை பிரிச்சது. போலீஸ்காரனுக்கு ஏது இவ்வளவு பொறுமை?"

"நர்ஸ் பிரிச்சிருப்பாளோ?" என்றாள் சின்னவள்.

"பொத்தான் அறுந்தாலே இவ கடைக்கு ஓடுறவ அவ." அண்ணி தையல்காரியிடம் திரும்பினாள். "காட்டிக் கொடுக்கிறப்பகூட துணியை வீணாக்க உனக்கு மனசு வரல."

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பையனைப் பிடிச்சு வச்சிருக்காங்க அக்கா. பதினாறு வயசு. நோட்டீஸைக் கொடுத்தா விடுறேன்னாங்க. நானே பிரிச்சுக் கொடுத்தேன். இப்ப டீச்சர் வேணுமாம், சாயங்காலத்துக்குள்ள. அவன் நகம் ஒண்ணைக் காகிதத்துல மடிச்சுக் கொடுத்தனுப்பியிருக்காங்க."



உள்ளறையில் ஓர் இருமல் எழுந்து, சட்டென்று அமுங்கியது.

சாத்தியிருந்த உள்ளறைக் கதவையே தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெரு முனையில போலீஸ்காரன் ஒருத்தன் எனக்காக நிக்கிறான்," என்றாள் கடைசியில். "பின்பக்கம் வழி இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணி."

"நர்ஸையும் கூட்டிட்டுப் போயிருங்க. அடுத்து அவளைத்தான் தேடுவாங்க."

அண்ணி உள்ளே ஓடினாள். சின்னவள் சன்னல் இடுக்கில் பார்த்தாள். தையல்காரி முனையில் நின்றவனிடம் ஏதோ சொன்னாள். ஊரின் மறுகோடியைக் கைகாட்டினாள். பிறகு அவனுக்கு முன்னால், வேகமாக, அந்தப் பக்கமே நடந்து போனாள்.