பகல்நேரக்காரி

மெத்தை சூடாக இருந்தது.

காலையில் பூட்டிய கதவை மாலையில் திறந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் கட்டிலில் விழுந்தவள், விழுந்த வேகத்தில் எழுந்து நின்றாள். வெயில் எட்டிப் பார்க்காத மூலை அது. பேருந்தில் யாரோ எழுந்துபோன இருக்கையில் உடனே உட்கார்ந்தால் தொடையில் ஏறுமே, அடுத்தவர் உடம்பின் சூடு, அது. தலையணையை முகர்ந்தாள். சிக்குப் பிடித்த தலையின் வாடையும், புளித்துப்போன வியர்வை வாடையும் மூக்கில் ஏறின. உறையில் எச்சில் வழிந்த ஈரம் இன்னும் காயவில்லை.

கூடத்தில் வீட்டுக்காரம்மா செய்தித்தாளை விரித்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, என் ரூம்ல யாராவது படுத்தாங்களா?"

"உன் ரூமா? உனக்கு ராத்திரி மட்டும்தாம்மா. பகல்ல இன்னொருத்தி படுப்பா. வாடகைப் பேப்பர்ல எழுதியிருக்கே, படிக்காமயா கையெழுத்துப் போட்டே? காலேஜ்ல வேற படிக்கறே!"

"கூட யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"நீ இருக்கறப்போ இருக்க மாட்டா. சொன்ன சொல் தப்பலையே? பாதி வாடகைக்கு முழுக் கட்டில் கேட்டா எப்படி?" நகம் ஒன்று தெறித்து, நின்றுகொண்டிருந்தவளின் பாதத்தில் விழுந்தது. "நல்ல பொண்ணு. ஆறு வருஷமா இருக்கா. சத்தமே வராது."

அன்றிரவு அண்ணன் கூப்பிட்டான். "இடம் எப்படி? உண்மையைச் சொல்லு. சரியில்லேன்னா நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடறேன். படிப்பு மண்ணாங்கட்டியெல்லாம் அப்புறம்."

பிசியோதெரபியில் சீட்டு வாங்க வீட்டில் இரண்டு வருடம் அழுதிருக்கிறாள். இந்த நகரத்தில் பதினேழு வீட்டுப் படி ஏறி இறங்கியிருக்கிறாள். கடைசியாகப் பார்த்த விடுதியில் குளியலறைக்குத் தாழ்ப்பாளே இல்லை.

"சூப்பர் இடம்ணா. நீ கவலைப்படாதே," என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பரிசு காத்திருந்தது. சோப்பில் ஒட்டிய நரைமுடி. சீப்பின் பல்லிடுக்கில் வெள்ளை வெள்ளையாய்த் தோல் பொருக்கு. விரிப்பை உதறினால் மாவு போல ஏதோ உதிர்ந்தது. மாவு இல்லை. தொட்டுப் பார்த்ததற்காகக் கையை மூன்று முறை கழுவினாள். பிறகு துண்டை விரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே சூட்டின் மேல் படுத்தாள். வேறு வழி?

வெள்ளிக்கிழமை மதியமே வகுப்பு முடிந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று, ஆளை நேரில் பார்த்து, உங்களுக்கென்று தனி விரிப்பும் தலையணையும் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று பக்குவமாய்ச் சொல்லிவிடலாம். சண்டை வேண்டாம்.

"இப்போ அவ நேரம்மா," என்று வீட்டுக்காரம்மா குறுக்கே வந்தாள். "தூங்கறவளை எழுப்பாதே."

"ஒரு நிமிஷம்தான் ஆன்ட்டி."

கதவைத் தள்ளினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அழுகிய ஈரத்துணி போல ஒரு நெடி முகத்தில் அப்பியது. கட்டிலில் யாரும் இல்லை. குளியலறையிலும் இல்லை. வந்துபோனதற்கு ஒரு செருப்புத் தடம்கூட இல்லை.

ஆனால் மெத்தை சரியாக இல்லை.

ஆள் படுத்து எழுந்தால் மெத்தை குழியும். இது குழியவில்லை. நடுவில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, நீளவாக்கில் புடைத்திருந்தது. விரிப்பை உருவினாள். மெத்தை உறை முழுக்க மஞ்சள் கறை. வட்டத்துக்குள் வட்டமாய்.

ஓடியிருக்க வேண்டும். கால் வாசலைப் பார்த்துத் திரும்பியும்விட்டது. ஆனால் இந்த வாசலைத் தாண்டினால் அடுத்த வாசல் அண்ணனுடையது. பஞ்சு உருண்டிருக்கும், அவ்வளவுதான். திரண்டுபோன பழைய பஞ்சு.

உள்ளங்கையை வைத்தாள்.

சூடு. பிசுபிசுப்பு. வகுப்பில் பழகிய விரல்கள் அவளைக் கேட்காமலே தேடின. இது தோள்பட்டை எலும்பு. இது அதன் விளிம்பு. நடுவே மணி மணியாய்க் கோத்த முதுகெலும்பு. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது எலும்பு விரலுக்கடியில் நகர்ந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காதீங்கடி," என்றாள் கூடத்திலிருந்து வீட்டுக்காரம்மா, அலுப்போடு. "மெத்தை தாங்காது."

புடைப்பு மெல்லப் புரண்டது. தூக்கம் கலைந்தவர்கள் புரள்வது போல, முனகலோடு. முதுகு இருந்த இடத்தில் இப்போது மார்பு. மேலே, கழுத்து. அதற்கும் மேலே துணி இரண்டு இடத்தில் குழிந்து, ஒரு இடத்தில் உள்ளே உறிஞ்சப்பட்டது. வெளியே ஊதியது. மறுபடி உறிஞ்சியது. ஈரம் வட்டமாய்ப் பரவியது.

புரண்ட உடம்போடு இழுபட்டு மேலே போயிருந்த கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

துணியோடு சேர்த்து அவளுடைய இரண்டு விரல்கள் அந்த ஈரத்துக்குள் போயிருந்தன. பல் இல்லாத ஈறு ஒன்று, பசியோடு, நிதானமாக, அவற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.