ஆறாவது வரி

பதினொரு மணிக்கு வேன் நிலையத்துக்கு வந்தவர்கள், இரண்டு மணிக்கும் அதே சிமெண்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் வேன் கிளம்பும். சேர்ந்திருந்தது ஐந்து பேர். அக்காள், தங்கை, உள்ளூர்க் கணவன் மனைவி ஒரு ஜோடி, கோணிமூட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு பெரியவர். ஆறாவது ஆள் எந்த ஊரில் எந்தக் கட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறானோ என்று பெரியவள் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பதினெட்டு நாளாக இதே பாடுதான். முதுகில் ஆளுக்கொரு பை, எட்டுப் பேர் குறட்டை விடும் அறையில் ஒரு கட்டில், விமானத்தில் போக வேண்டிய தூரத்தை பஸ்ஸில், பஸ்ஸில் போக வேண்டியதை வேனில். சிக்கனமாக ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது சின்னவள். வேண்டவே வேண்டாம் என்ற அம்மாவிடம், "அவளைப் பத்திரமா கூட்டிட்டு வந்து சேர்க்கிறது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தது பெரியவள். நாளைக் காலை எட்டு மணிக்கு, மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்திலிருந்து, ஊர் திரும்பும் விமானம். அதை விட்டால் வேறு டிக்கெட் எடுக்க இருவரிடமும் வழி கிடையாது.

"இன்னும் ஒரு அரை மணி பார்க்கலாம் அக்கா" என்றாள் சின்னவள், காலை ஆட்டிக்கொண்டு.

"நீ ஒண்ணும் சொல்லாதே. உன்னால வந்த வினை."

கூண்டுக்குள் இருந்த டிக்கெட்காரர் அசையவில்லை. அவரிடம் ஒரு தாள் இருந்தது. அதில் ஆறு வரிகள். ஆறிலும் பெயர் இருந்தால்தான் முத்திரை, முத்திரை விழுந்தால்தான் டிரைவர் சாவியைத் தொடுவார். மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் தாளையும் தலைகளையும் சரிபார்ப்பார்களாம். பெரியவள் ஆறாவது சீட்டுக்கும் தானே பணம் தருவதாகக் கைஜாடை காட்டினாள். அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு காலியாக இருந்த கடைசி வரியைப் பேனாவால் தட்டினார்.

எரிச்சலில் பெரியவள் பேனாவைப் பிடுங்கினாள். ஏதாவது ஒரு பெயர். ஒன்றுமே தோன்றவில்லை. கை தானாகச் சின்னவளின் பெயரை இன்னொரு முறை எழுதிவிட்டது.

முத்திரை விழுந்தது.

"எனக்கு ரெண்டு சீட்டா? ஜாலி" என்று சிரித்தாள் சின்னவள். பின் வரிசையில் இரண்டே இருக்கைகள். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தன் பையை ஆள் மாதிரி நிமிர்த்தி வைத்தாள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பெரியவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவடியில் ஒரு காவலர் டார்ச்சை உள்ளே அடித்து எண்ணினார். ஐந்துதானே இருக்கிறோம் என்று பெரியவள் சீட்டில் ஒடுங்கினாள். காவலர் தலையாட்டித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லஞ்சம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மலை ஏற ஏற மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள் பகலிலேயே இருட்டு. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடி, கண்ணாடியை முனகலோடு தேய்த்தது. நாள்பட்ட ஈரத்துணி வாடை ஒன்று பின்னாலிருந்து மெல்ல முன்னே வந்தது.

"அக்கா" என்று சின்னவள் குரல் கொடுத்தாள். "இந்தப் பை என் மேலயே சாஞ்சு சாஞ்சு விழுது. நேரா வெச்சாலும் திரும்பவும் சாயுது."

"ரோடு அப்படி. பேசாம வாயேன்."

"கனமாவும் இருக்கு."

பெரியவள் நெற்றியை அழுத்திக்கொண்டாள். தலை வெடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தரை மணி இருக்கும். ஒரு தகரக் கூரைக் கடையில் வேன் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பெரியவள் மட்டும் கண்ணை மூடியபடி கிடந்தாள். கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள், வண்டி ஒவ்வொருவருக்கும் ஒருமுறை குலுங்கியது. டிரைவர் விரலை நீட்டி எண்ணுவது அரைக்கண்ணில் தெரிந்தது. ஆறு வரை எண்ணினார். கதவைச் சாத்தினார்.

கால் மணி நேரம் கழித்துத் தலைவலி பொறுக்க முடியவில்லை.

"ஏய், உன் பையில மாத்திரை இருக்குல்ல? குடு."

சின்னவள் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாள் போல. ஆனால் தூங்கும் பெரியவரின் தலைக்கு மேலாக ஒரு கை மாத்திரை அட்டையை நீட்டியது. பெரியவள் திரும்பாமலே வாங்கினாள். விரல்கள் பட்டன. ஐஸ் மாதிரி இருந்தன, ஊறிப்போய் வழவழவென்று இருந்தன.

மாத்திரை நாக்கில் கரையும்போது அவளுடைய போன் அடித்தது.

சின்னவளின் எண்.

"அக்கா! எங்க போயிட்டீங்க? நான் பாத்ரூம்லேர்ந்து வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு! கத்துறேன், கத்துறேன், நிக்கவே இல்லை! அக்கா? கேக்குதா?"

சிக்னல் அறுந்தது.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரைவரின் தோளை உலுக்கி வண்டியை நிறுத்த வைத்தாள். பின்னால் காட்டினாள், ஒரு விரலைக் காட்டினாள், இல்லை என்று கையை விரித்தாள். அவர் சலித்துக்கொண்டு திரும்பி எண்ணினார். தன் மனைவி மேல் சாய்ந்த கணவன், மனைவி, பெரியவர், இவள், அப்புறம் பின் வரிசைக்கு இரண்டு விரல். ஆறு விரலை இவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். தாளையும் காட்டினார்.

பெரியவள் இறங்கி, பக்கத்துக் கதவை இழுத்தாள்.

பின் வரிசையில் ஜன்னலோரம் காலி.

பக்கத்துச் சீட்டின் இருட்டில் ஏதோ ஒன்று குனிந்து உட்கார்ந்திருந்தது. முகம் முழுக்க முடி. மடியில் சின்னவளின் பை, இன்னொரு ஆள் மாதிரி நிமிர்ந்து.

அந்தப் பைக்குள்தான் சின்னவளின் பாஸ்போர்ட். அது இல்லாமல் அவளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். பையின் பட்டை கிடைத்தது. இழுத்தாள்.

மறுபக்கமும் இழுத்தது.

முரட்டுத்தனமாக இல்லை. வீட்டில் போர்வைக்குச் சண்டை போடும்போது சின்னவள் இழுப்பாளே, அதே மாதிரி, விளையாட்டாக.

பெரியவள் விட்டுவிட்டாள். பிறகு எத்தனையோ தரம் தன்னைத் திட்டிக்கொண்டாலும், அந்த நிமிடம் அவள் விட்டுவிட்டாள் என்பதுதான் உண்மை. தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மழையில் வந்த வழியே ஓடினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒன்றரை மணி நேர நடை. கடை பெஞ்சில் சின்னவள் தொப்பலாக நடுங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் கன்னத்தை, கையை, முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தாள்.

"என்னை எப்படிக்கா மறந்தீங்க?"

"மறக்கலைடி. எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

மறுநாள் அந்த வழியில் வந்த வேன் கடை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது. உள்ளே மூன்று பேர், இவர்கள் இருவர். இன்னும் ஒரு ஆள் வரட்டும் என்றார் அந்த டிரைவர். எட்டு மணி விமானம் அப்போதே பறந்து போயிருந்தது. ஆத்திரத்தில் பெரியவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் டிரைவரின் தாளும் பேனாவும் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. கடைசியில் ஒரு முட்டை வியாபாரி வந்து ஏறினார். அவர் ஏறும்போது வண்டி குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் இவள் ஏறினாள்.

விமான நிலையத்துக்கு வந்து சேரும்போது மாலை ஏழு. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பெரியவள் வரவில்லை என்று பதிவாகியிருந்தது, அந்த டிக்கெட் செல்லாது. சின்னவளின் பெயரைத் தட்டியதும் அந்தப் பெண் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி சின்னவளைப் பார்த்தாள்.

"இவர் காலையிலேயே போய்விட்டாரே" என்றாள் ஆங்கிலத்தில்.

அதுவரை பயந்துகொண்டு பேசாமல் விட்டிருந்த பெரியவள் அப்போதுதான் அம்மாவுக்குப் போன் போட்டாள். சின்னவள் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?" அம்மா எடுத்த எடுப்பிலேயே பொரிந்தாள். "சின்னப் பொண்ணைத் தனியா அனுப்பிட்டு நீ மட்டும் ஊர் சுத்திட்டிருக்கியே! பாவம், மத்தியானம் வந்ததுலேர்ந்து தலையைத் துவட்டிட்டே உக்காந்திருக்கா. எவ்வளவு துவட்டினாலும் காயவே மாட்டேங்குது."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. நீ வீட்டை விட்டு வெளிய வா. இப்பவே. கதவைத் திற, வெளிய—"

"என்ன உளர்றே? இரு, அவளே கையை நீட்டுறா, பேசு."

போன் கை மாறியது. ஈரம் சொட்டும் சத்தம்.

"சொல்லு அக்கா" என்றது சின்னவளின் குரல்.

சின்னவள் பெரியவளின் தோளில் முகத்தைப் புதைத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.