பழைய பேரே இருக்கட்டும்

ஒற்றை டிக் இரட்டை டிக்காக மாறியிருந்ததைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் சுகிர்தா முதலில் நினைத்தாள். மதியத்திலிருந்து கம்பிமத்தாப்புப் பெட்டிக்கான லேபிளில் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கண். போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள். எட்டு மாதமாகப் போய்ச் சேராமல் நின்ற அந்தச் செய்தியின் ஓரத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் இரண்டு டிக் இருந்தன.

‘வந்தா எனக்குத் தெரிஞ்சிரும். நானே கொண்டியத் தொறப்பேன். பாத்து ஓட்டுங்க.’

பாலகுருவுக்கு அனுப்பியது. அவள் கணவன். நாக்பூருக்குப் பட்டாசு லோடு ஏற்றிப் போனவனுடைய லாரி, அந்தச் செய்தியை அவள் அனுப்பிய அதே இரவில், பெங்களூருக்கு அப்பால் ஆந்திரா பக்கம் ஒரு மேட்டில் நின்று எரிந்தது. வெள்ளைத் துணியில் கட்டிய சின்னப் பொட்டலமாக அவன் ஆமத்தூருக்கு வந்து சேர்ந்தான். அவிழ்த்துப் பார்க்க வேண்டாம் என்று அக்கா அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். போனைப் பற்றி அவள் கேட்டபோது, உருகிப் போயிருக்கும் என்றார்கள்.

அதன்பின் விருதுநகரில் அக்கா வீட்டில் கிடந்தாள். போன மாதம்தான் இந்த வீட்டைத் திறந்து, கூட்டிக் கழுவி, புது இன்டர்நெட் இணைப்பு வாங்கினாள். சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள் வரைந்து கொடுக்கிற வேலைக்கு அது இல்லாமல் முடியாது. கம்பெனி கொடுத்த ரவுட்டரின் பெயர் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாமல் இருந்தது. பக்கத்து அறைக்குப் போனாலே சிக்னலும் செத்துப் போனது. ஆகவே கடையில் நல்லதாக ஒன்று வாங்கினாள். இன்று மதியம் கேபிள்காரர் முனியசாமி அதை மாட்டிக் கொடுக்க வந்தார்.

“இதையா கடையில போயி வாங்குனீக? கம்பெனி சும்மா தர்றதே பாட்டுப் படிக்குமே!”

“பாட்டு மட்டுந்தான் படிக்குது அண்ணே. ஒரு ஃபைல் ஏறுறதுக்குள்ள தீபாவளியே முடிஞ்சிரும் போலுக்கு.”

முனியசாமி சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். “அம்மாடி, நாலு கொம்பு! இது தெரு முனை வரைக்கும் போவும் தங்கச்சி. ஆமத்தூரு பயலுக எல்லாம் ஒங்க புண்ணியத்துல படம் பாக்கப் போறானுக.”

கம்பெனி ரவுட்டரைக் கழற்றி அவளுடையதை மேசையில் வைத்து வயரைச் சொருகினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து போனில் எதையோ தட்டினார்.

“பேரு என்ன வைக்க?”

அவள் யோசித்தாள்.

“முன்னாடி இருந்த வைஃபை பேரும் பாஸ்வேர்டும் நெனவு இருக்கா? இருந்தா அதையே போட்டுருவோம். டிவி, கம்ப்யூட்டரு, பிரிண்டருன்னு ஒண்ணொண்ணுக்கா போயி அடிச்சிக்கிட்டு இருக்க வேணாம். பழசெல்லாம் தானா வந்து ஒட்டிக்கிடும்.”

“பழைய பேரே இருக்கட்டும் அண்ணே.”

‘குரு வீடு.’ அவன் வைத்த பெயர். பாஸ்வேர்டு அவனுடைய லாரி நம்பர். அவள் சொல்லச் சொல்ல முனியசாமி அடித்தார். அது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியாது.

சொன்னது போலவே நடந்தது. பிரிண்டர் தானாக உறுமி அடங்கியது. டிவியைப் போட்டதும், அவன் லோடு ஏற்றப் போன அன்று பாதியில் நிறுத்திவிட்டுப் போன படம், நிறுத்திய இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றது. அவள் டிவியை அணைத்தாள். முனியசாமி பழைய டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீட்டில் காற்றாடியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘கிர்க்’. எண்ணெய் விடுகிறேன், விடுகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தது.

இப்போது வெயில் இறங்கி, சிவகாசி பக்கத்து வானம் கலங்கலான செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டன. எதிர்வீட்டில் யாரோ தாளித்தார்கள். சுகிர்தா அந்த இரண்டு டிக்கைப் பார்த்தபடி இருந்தாள்.

டிங்.

அந்தச் சத்தம் அவள் உடம்புக்குத் தெரிந்த சத்தம். ரோட்டில் போகும்போது பாலகுரு நெட்டை அணைத்தே வைத்திருப்பான்; காசு மிச்சம் என்பான். தோன்றும்போதெல்லாம் அவளுக்குக் குரல் பதிவு போட்டு வைப்பான். ஒன்றும் வந்து சேராது. ஊர் திரும்பி, மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, வீட்டு வைஃபையில் போன் ஒட்டிய நொடியில் எல்லாம் சேர்ந்து கொட்டும். டிங் டிங் டிங் என்று. அவன் கேட்டைத் தொடும் முன்பே அவள் எழுந்து போய்க் கதவுக் கொண்டியைத் திறந்திருப்பாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் இந்தக் கதவைத் தட்டியதே இல்லை.

குரல் பதிவு. அவன் பெயரில். தொட்டாள்.

“சுகி, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். இங்கன ஒருத்தன் டீன்னு ஒண்ணு குடுத்தான் பாரு, கழனித்தண்ணி தோத்துச்சு. சாப்ட்டியா?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுகி. எட்டு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அச்சகத்தில் மேடம், அக்காவுக்கு முழுப்பெயர், முனியசாமிக்குத் தங்கச்சி. திரும்பப் போட்டுக் கேட்டாள். எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த பழைய பதிவு, இப்போதுதான் வந்து சேர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் அது உறைத்தது. அவன் போனிலிருந்து வர வேண்டுமென்றால் அந்தப் போன் இந்த வைஃபைக்குள் இருக்க வேண்டும்.

அவன் நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். ஜன்னலருகே போனாள். மதில், வேப்பமரம், தெருவிளக்கு, அதன் அடியில் படுத்திருந்த நாய். நாய் எழுந்து தெரு முனையைப் பார்த்து நின்றது. குரைக்கவில்லை. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வேறு பக்கமாகப் போயிற்று.

டிங்.

“சுகி, லோடுலருந்து ஏதோ வாடை அடிக்கி. இறங்கிப் பாத்துட்டுப் பேசுறேன்.”

டிங்.

இதில் பேச்சு இல்லை. முதலில் ஒன்றிரண்டாக வெடித்தது. பிறகு தொகுதி தொகுதியாக, தீபாவளி விடிகாலையில் ஊரே சேர்ந்து போடுவது போல. அதற்கு நடுவில் ஒரு சத்தம். அது பட்டாசின் சத்தம் இல்லை. அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

டிங்.

“வண்டி போச்சு. அப்படியே நடந்துதான் வாறேன் சுகி.”

அவன் குரல்தான். ஆனால் உதடு சேர வேண்டிய இடங்களில் எல்லாம் வெறும் காற்று போயிற்று. உதடு இல்லாதவன் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

ஓடிப்போய் ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்குகள் செத்தன. போனில் வைஃபை குறி மறைந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

தரையில் உட்கார்ந்தாள். காற்றாடி கிர்க், கிர்க் என்றது. இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டாள். அக்காவைக் கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வா என்பாள். போகலாம். போய், அந்த வீட்டு ஹாலின் ஓரத்தில் பாயை விரித்து, அடுத்தவர் பிள்ளைகள் தூங்குகிற மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கலாம். நாளைக்கு முனியசாமியிடம் சொல்லி வேறு பெயர் வைக்கலாம். பிறகு அந்தக் குரல் வராது. எப்போதுமே வராது. சாப்ட்டியா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சுவரில் சொருகாமல் தொங்கிய வயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து முன்கதவின் மேல்கொண்டியைப் போட்டாள். கீழ்க்கொண்டியையும் போட்டாள். பின்கதவைச் சாத்திப் பூட்டினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு குரலை மட்டும் கேட்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

வயரைச் சொருகினாள்.

சிவப்பு. நெடுநேரம் சிவப்பு. அப்புறம் ஆரஞ்சு. அவள் நாற்காலியை ஹாலின் நடுவில் இழுத்துப்போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். ரவுட்டர் மேசை முதுகுப் பக்கம் இருந்தது. பச்சையானது அவளுக்குத் தெரியவில்லை. போன்தான் சொன்னது.

டிங்.

“தெரு முனை.”

டிங்.

“வேப்பமரம்.”

வாடை வந்தது. பட்டாசு மருந்து வாடை. இந்த ஊர்க்காரர்கள் யாரும் மூக்கைச் சுளிக்காத வாடை; வேனிலும் துவைக்கிற துணியிலும் பிள்ளைகளின் தலைமுடியிலும் இருப்பது. ஆனால் இது எரிந்து முடிந்த மருந்து. அதோடு, வேறு எதுவோ எரிந்தது.

டிங்.

“கொண்டியத் தொற சுகி.”

அவள் கால்கள் தாமாகத் தரையில் ஊன்றின. பழக்கம். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கொண்டிகளும் போட்டபடியே இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை.

“தொறக்க மாட்டேன்,” என்றாள். வாய்விட்டு. “போயிருங்க. ஒங்க காலப் பிடிச்சிக் கேக்கேன். போயிருங்க.”

போனில் அந்த இரண்டு டிக்கும் நீலமாயின.

படித்துவிட்டான்.

அதன்பின் ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டில் குக்கர் விசிலடித்தது. யாரோ சிரித்தார்கள். அவள் மூச்சை விட்டாள். போய்விட்டான். அவள் சொல்லை அவன் என்றைக்குமே தட்டியதில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. அந்த நீருக்குள் திரையில் அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி தெரிந்தது.

குரல் பதிவு செய்கிறார்…

டிங்.

நீளமான பதிவு. தொட்டாள்.

பேச்சு இல்லை. வெடி இல்லை. ஒரு ‘கிர்க்’. சற்று விட்டு இன்னொரு ‘கிர்க்’. காற்றாடி. பிறகு ஒரு பெண்ணின் குரல், மிக அருகில், தலைக்கு மேலே போனைப் பிடித்துப் பதிந்தது போல. “தொறக்க மாட்டேன். போயிருங்க.” தூரத்தில் குக்கர் விசில். அந்தப் பெண் மூச்சை விடுகிற சத்தம். அந்த மூச்சு முடிந்த பிறகும் ஒரு மூச்சு.

கதவைப் பார்த்தாள். மேல்கொண்டி. கீழ்க்கொண்டி. இரண்டும் அசையவில்லை.

குனிந்து, நாற்காலிக்கு அடி வழியே பின்பக்கத் தரையைப் பார்த்தாள்.

செங்காவித் தரையில், வெறுங்காலின் தடங்கள். கரியும், பட்டாசுக் கம்பெனி ஆட்களின் கையில் ஒட்டியிருக்குமே, அந்த வெள்ளிப்பொடியும் கலந்து, டியூப்லைட்டில் மின்னின. வாசல் பக்கத்தில் ஒரு தடம்கூட இல்லை. நாலு பச்சை விளக்கும் எரிகிற ரவுட்டர் மேசைக்கு அடியிலிருந்து தொடங்கி, வரிசையாக அவள் நாற்காலியை நோக்கி வந்து, நாற்காலியின் பின்கால்களுக்கு அருகில் இரண்டும் சேர்ந்து நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவள் திரும்பவில்லை. மடியில் திரை மறுபடி ஒளிர்ந்தது.

குரல் பதிவு செய்கிறார்…