அசைந்த கட்டை

பிரெட்ரிக்கை ஏமாற்றக்கூடிய மார்பக எக்ஸ்ரே இயந்திரம் ஜொகூர் மாநிலத்தில் இன்னும் வந்து இறங்கவில்லை. இதைப் பிரெட்ரிக்கே ஒப்புக்கொள்வான். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை ஒன்பது வருடமாக இயந்திரங்களின் கதிரை அளந்து கையெழுத்துப் போடுகிறவன். படுக்கையில் கிடந்த நேரத்தைவிட நெடுஞ்சாலையில் கார் ஓட்டிய நேரம்தான் அதிகம். அதனால், பாசிர் கூடாங் கிளினிக்கில் காலை ஆறரைக்கு எடுத்த முதல் படம் சரியில்லாமல் வந்தபோது, தன் கண்ணைத்தான் முதலில் கசக்கினான்.

மார்பகத்துக்குப் பதிலாக மேடையில் நாலரை சென்டிமீட்டர் தடிமனில் ஓர் அக்ரிலிக் கட்டையை வைத்திருந்தான். உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளை எண்ணிப் புதைத்திருப்பார்கள். அவை பளிச்சென்று தெரிந்தால் இயந்திரம் தேறியது. இப்போது ஒவ்வொரு புள்ளியும் சின்ன வால் முளைத்து இழுபட்டிருந்தது, படம் எடுக்கையில் நோயாளி மூச்சு விட்டுவிட்டதைப் போல.

"மூச்சப் புடிக்கச் சொன்னீங்களா தம்பி?" ரேடியோகிராபர் கிறிஸ்டின் சூடான மைலோ பானத்தை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"யார ஆண்ட்டி?"

"அதத்தான்." கட்டையைக் கண்ணால் காட்டினாள். "நான் தெனமும் சொல்லித்தான் எடுப்பேன். ஆடாதீங்க, மூச்சப் புடிங்கன்னு. எடுத்ததும் விட்ருங்கன்னும் சொல்லிருவேன். சொல்லலன்னா இப்படித்தான் லா வரும்."

"பிளாஸ்டிக்குக்குத் தமிழ் புரியுமா, இல்ல மலாய்ல சொல்லணுமா?"

"மரியாதையா சொன்னா போதும்."

"அப்ப அதுக்கும் ஒரு மைலோ கலக்குங்க."

கிறிஸ்டின் சிரிக்கவில்லை. "நான் போயி பதிவு பண்றேன். ஒங்க அக்கா வந்துட்டாங்க. மொத ஆளு அவங்கதான்."

அக்கா ஐலீன் இரண்டு மாதமாக மார்பில் ஒரு கட்டியோடு திரிகிறாள். தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு வாங்கிய நாள் இது. இயந்திரம் ஒரு படத்துக்கு மூன்று மில்லிகிரே அளவைத் தாண்டிக் கதிர் விட்டால் அறையைப் பூட்டியாக வேண்டும். பூட்டினால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். முதல் படத்துக்கு மீட்டர் காட்டியது ஒன்று புள்ளி ஆறு. கவலை இல்லை.

வெளியே இரவு ஷிப்டை இறக்கிவிட்ட பேருந்துகள் உறுமிக்கொண்டு திரும்பின; ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள்ளும் துறைமுகத்து ரசாயன வாடை எப்படியோ நுழைந்து, கிருமிநாசினி வாசத்தோடு கலந்து, தூங்காத தலைக்குள் ஈரத்துணியாய்க் கனத்தது. ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று அவன் மறுபடி பொத்தானை அழுத்தினான். மார்பகத்தை அழுத்திப் பிடிக்கும் தகடு மெல்ல இறங்கி, கட்டையைத் தொடாமலே நின்றது. இடையில் ஒரு விரல் இடைவெளி. ஆனால் திரையில் அழுத்தம் ஒன்பது கிலோ.

காற்றை அழுத்தினால் ஒன்பது கிலோ வராது.

மீட்டரில் இரண்டு புள்ளி ஒன்று. புள்ளிகளின் வால் நீண்டிருந்தது.

மேடையை அல்கஹால் போட்டுத் துடைத்தான். கட்டையைத் திருப்பி வைத்தான். உள்ளங்கையில் வெதுவெதுப்பு. ஏர்கான் பதினெட்டு டிகிரியில் ஓடுகிற அறை.

மூன்றாவது படம். தகடு இன்னும் மேலேயே நின்றது. இரண்டு விரல். எக்ஸ்ரே ஓடும் பீப் ஒலி முடியாமல் நீண்டது. அதற்கு அடியில், மூச்சு இழுப்பதுபோல் இன்னொரு சத்தம். உள்ளே. வெளியே. உள்ளே.

இரண்டு புள்ளி ஒன்பது.

இன்னொரு படம் எடுத்தால் தாண்டும். எடுக்காமல் கையெழுத்தும் போட முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஐலீனின் இருமல் கேட்டது. பயத்தில் வரும் இருமல். சிறுவயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"ஆடாதீங்க." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "மூச்சப் புடிங்க."

சத்தம் நின்றது.

பொத்தான். ஒரு குட்டி பீப்.

ஒன்று புள்ளி ஐந்து. எல்லாப் புள்ளிகளும் பளிச்சென்று, வட்டமாக. வாழ்நாளில் இவ்வளவு நல்ல படம் அவன் பார்த்ததில்லை. 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தகடு தானாக மேலே போனது. அறையில் அசைவில்லை. சத்தமில்லை. யாரோ எதற்கோ காத்திருக்கும் அமைதி. ஒரு நிமிடம். இரண்டு.

கதவு திறந்தது. கவுன் மாட்டிய ஐலீன், கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பாஸாயிருச்சாடா? உள்ள வரலாமா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் மூன்று மாதம். அவன் ஈயக் கண்ணாடியை நோக்கிக் குனிந்து, அக்காவுக்குக் கேட்காதபடி, மரியாதையாக, முணுமுணுத்தான்.

"மூச்ச விட்ருங்கம்மா."

கண்ணாடியின் அந்தப் பக்கத்தில், அவன் வாய்க்கு நேர் எதிரே, ஒரு வெள்ளை ஆவி படர்ந்தது. படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்ந்தது.

ஐலீன் இன்னும் கதவருகில்தான் நின்றிருந்தாள்.